காவிரிக் கரையிலிருந்து கோடிங் இன்டர்வியூவுக்கு: பத்து வாரத்தில் தயாராவது எப்படி

பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து படித்து, சென்னையில் மென்பொருள் வேலைக்குப் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. கடைசி ஐந்து வருடமாக எங்கள் குழுவுக்கு ஆள் எடுக்கும் இன்டர்வியூக்களில் நானே கேள்வி கேட்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். அவர்களிடம் நான் பார்க்கும் பெரிய குறை ஒன்றுதான். பாடம் தெரிகிறது, தெரிந்ததை வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. வகுப்பில் பேசாமல் இருந்தால் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கி வளர்ந்தவர்கள் நாம். அந்த அமைதிதான் இன்டர்வியூவில் காலை வாருகிறது.

என் முதல் இன்டர்வியூவில் எனக்கும் அதுதான் நடந்தது. ஒரு சொல்லில் திரும்ப வராத முதல் எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். வழி தெரியும். தலையைக் குனிந்து பத்து நிமிடம் எழுதிக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது எதிரில் இருந்தவர் என் தாளை வாங்கி, ஒரு முறை பார்த்துவிட்டு, நன்றி சொல்லி அனுப்பிவிட்டார். நான் என்ன யோசித்தேன் என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை.

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வாழ்ந்த வீடு இருக்கிறது. காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் அவர் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வார். 1913-ல் அவருடைய கடிதம் கேம்பிரிட்ஜுக்குப் போனபோது அங்கிருந்த கணித அறிஞர் ஹார்டி வியந்து பதில் எழுதினார், கூடவே நிரூபணங்களைக் கேட்டார். அவ்வளவு பெரிய மேதையிடமே வழியைக் காட்டச் சொன்னார்கள் என்றால் நம்மிடம் கேட்காமல் விடுவார்களா? அதனால் கீழே வரும் ஒவ்வொரு படியிலும் "சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்" என்று திரும்பத் திரும்ப வரும். சலிக்காமல் செய்யுங்கள்.

முதலில் என்ன வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாகச் சேர்பவர்களுக்குப் பெரும்பாலும் நான்கு கட்டம். ரெஸ்யூமே வடிகட்டல், ஆன்லைன் கோடிங் தேர்வு, ஒன்றிரண்டு டெக்னிக்கல் சுற்று, கடைசியில் எச்.ஆர். அனுபவம் உள்ளவர்களுக்கு நடுவில் சிஸ்டம் டிசைன் (பெரிய செயலியை எப்படி அமைப்பது என்று கேட்கும் சுற்று) சேரும். ஆன்லைன் தேர்வை இயந்திரம் திருத்துகிறது. உங்கள் கண்ணுக்குக் காட்டும் இரண்டு மூன்று உதாரணங்களைத் தவிர, மறைத்து வைத்த சோதனைகளும் உண்டு. காலி உள்ளீடு, ஒரே ஒரு எண், எல்லாமே ஒரே எண், மிகப் பெரிய எண் என்று அங்கேதான் பொறி இருக்கும். உதாரணம் சரியாக வந்துவிட்டது என்று சமர்ப்பித்துவிடாதீர்கள்.

மொழி ஒன்று போதும். பைத்தான், ஜாவா, சி++ மூன்றில் எது கை பழகியிருக்கிறதோ அதையே எடுங்கள். இன்டர்வியூ வருகிறது என்று புது மொழிக்குத் தாவுவது நாற்று நட்ட பிறகு வயலை மாற்றுவது மாதிரி. எடுத்த மொழியில் பட்டியலை வரிசைப்படுத்துவது, எழுத்தைப் பிரிப்பது, ஹேஷ் மேப்பில் (சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பை உடனே தரும் அட்டவணை) போட்டு எடுப்பது இதெல்லாம் கூகுள் பார்க்காமல் கையில் வர வேண்டும்.

பத்து வாரக் கணக்கு

காலையில் கல்லூரிப் பேருந்துக்கு முன் ஒன்றரை மணி நேரம், ராத்திரி அரை மணி நேரம். இதற்கு மேல் திட்டம் போட்டால் மூன்றாவது வாரம் நின்றுவிடும், பலரிடம் பார்த்துவிட்டேன்.

முதல் மூன்று வாரம் அரே, ஸ்ட்ரிங், ஹேஷ் மேப். கூடவே பட்டியலை ஒரே நடையில் பார்க்கும் உத்திகளான டூ பாயின்டர், ஸ்லைடிங் விண்டோ. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், புதியவர்களிடம் கேட்கும் கேள்விகளில் பெரும்பங்கு இங்கேதான். நான்காவது, ஐந்தாவது வாரம் ஸ்டாக், க்யூ, லிங்க்டு லிஸ்ட், பைனரி சர்ச். ஆறு, ஏழில் ட்ரீ, கிராஃப், அவற்றில் நடந்துபோகும் இரண்டு வழிகளான பி.எஃப்.எஸ் (அகலவாக்கில்), டி.எஃப்.எஸ் (ஆழவாக்கில்). எட்டாவது வாரம் ரிகர்ஷனும் (தன்னையே அழைக்கும் நிரல்) டைனமிக் புரோகிராமிங்கின் (சின்ன விடைகளைச் சேமித்துப் பெரிய விடையைக் கட்டுவது) எளிய கணக்குகளும். ஒன்பதாவது வாரத்தை டேட்டாபேஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் அடிப்படைகளுக்கு ஒதுக்குங்கள். பத்தாவது வாரம் மாதிரி இன்டர்வியூ மட்டும்.

பாடம் புரியாத இடத்தில் பணம் கட்டி எங்கும் சேர வேண்டியதில்லை. என்.பி.டி.இ.எல் தளத்தில் ஐ.ஐ.டி பேராசிரியர்களின் டேட்டா ஸ்ட்ரக்சர் வகுப்புகள் இலவசமாக இருக்கின்றன. தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்களுக்கு 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்திலும் படிப்புகள் உண்டு.

எத்தனை கணக்கு போட வேண்டும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். நூற்றைம்பது போதும் என்பது என் கருத்து, ஆனால் ஒவ்வொன்றையும் மூன்று முறை போட வேண்டும். ஒரு நோட்டு வையுங்கள். தேதி, கணக்கு, எங்கே சிக்கினேன், எது என்னை விடுவித்தது. மூன்று நாள் கழித்து நோட்டை மூடிவிட்டு அதே கணக்கு, பத்து நாள் கழித்து மறுபடியும். ஐந்நூறு கணக்கைப் பார்த்தேன் என்று வந்தவர்கள் பலர், ஐம்பதாவது கணக்கை மறுபடி கேட்டால் விழிப்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஒரு கணக்கை எப்படிப் பேசிக்கொண்டே போடுவது

போன பொங்கலுக்குப் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் வந்தான். கடைசி வருடம் படிக்கிறான். அவனுக்குக் கொடுத்த கணக்கையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஐந்து மூட்டைகளின் எடை: 41, 38, 45, 52, 49. வண்டியில் இரண்டு மூட்டை ஏற்றலாம், மொத்தம் சரியாக 90 கிலோ வர வேண்டும். எந்த இரண்டு? ஒரு ஜோடி கிடைத்தாலே போதும்.

அவன் உடனே லூப் எழுத ஆரம்பித்தான். நிறுத்தினேன். "அண்ணே, விடை வருமே" என்றான். "வரும் தம்பி, முதலில் என்னிடம் கேள்வி கேள்" என்றேன்.

முதல் வேலை அதுதான். ஒரே எடை இரண்டு முறை வரலாமா? எடையைச் சொல்ல வேண்டுமா, மூட்டை எத்தனையாவது என்று சொல்ல வேண்டுமா? ஜோடியே கிடைக்காவிட்டால் என்ன திருப்பித் தர வேண்டும்? பட்டியல் ஏற்கெனவே வரிசையில் இருக்கிறதா? இந்த நான்கு கேள்வியைக் கேட்டாலே எதிரில் இருப்பவருக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடும். வேலையிலும் இதையேதான் கேட்கப்போகிறோம்.

இரண்டாவது, நேர்வழியைச் சொல்லுங்கள். ஒவ்வொரு மூட்டையையும் மற்ற எல்லா மூட்டைகளோடும் சேர்த்துப் பார்ப்பது. லூப்புக்குள் லூப். இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். "இது n ஸ்கொயர், அதாவது மூட்டை எண்ணிக்கையின் வர்க்க அளவுக்கு நேரம் எடுக்கும், இதைவிட நல்ல வழி இருக்கும் என்று நினைக்கிறேன்" என்று கூடவே சொல்லிவிடுங்கள். நேரம் முடிந்து மேம்பட்ட வழி வராமல் போனாலும் கையில் ஓடக்கூடிய ஒரு விடை இருக்கும்.

மூன்றாவது, நல்ல வழி. ஒவ்வொரு மூட்டையைப் பார்க்கும்போதும் இதற்கு ஜோடி என்ன எடை, அதை ஏற்கெனவே பார்த்துவிட்டோமா என்று கேட்டால் போதும். பார்த்தவற்றை ஹேஷ் மேப்பில் குறித்துக்கொண்டே போகலாம். 41 வந்தது, 49 வேண்டும், இன்னும் பார்க்கவில்லை, 41-ஐக் குறி. 38 வந்தது, 52 வேண்டும், பார்க்கவில்லை, குறி. 45 வந்தது, இன்னொரு 45 வேண்டும், பார்க்கவில்லை, குறி. 52 வந்தது, 38 வேண்டும், இருக்கிறது. முடிந்தது. ஒரே நடையில் விடை.

இந்த 45-ஐ நான் வேண்டுமென்றேதான் வைத்தேன். தம்பி எழுதிய கோடில், அதாவது நிரலில், முதலில் குறித்துவிட்டு, அப்புறம் ஜோடியைத் தேடினான். 45 வந்ததும் 45-ஐக் குறித்தான், 45 இருக்கிறதா என்று பார்த்தான், இருந்தது. ஒரே மூட்டையை இரண்டாக எண்ணி விடை என்று சொல்லிவிட்டது அவன் கோடு. இரண்டு வரி இடம் மாறியதால் வந்த பிழை. நிரலைக் கண்ணால் மட்டும் படித்தால் இது தெரியாது. ஒவ்வொரு மதிப்பையும் கையில் எடுத்து, மேலே நான் செய்த மாதிரி வாயால் சொல்லிக்கொண்டே போனால் மூன்றாவது அடியிலேயே தெரிந்துவிடும். எழுதி முடித்ததும் இப்படி ஒரு முறை நடந்து காட்டுவதுதான் நான்காவது வேலை. கேட்காமலே செய்யுங்கள். சொந்தப் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்துபவருக்கு நான் மதிப்பெண் குறைத்ததே இல்லை.

வேகக் கணக்கு

சி++ மாதிரி மொழியில் ஒரு நொடிக்குச் சுமார் 10 கோடி சின்னச் செயல்கள் என்று தோராயமாக வைத்துக்கொள்வது வழக்கம். பைத்தானுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். கேள்வியில் 1 லட்சம் எண்கள் வரை வரலாம் என்று போட்டிருந்தால், லூப்புக்குள் லூப் போட்டால் 1,000 கோடி செயல்கள். சி++ கூட நூறு நொடி திணறும். அதையே வரிசைப்படுத்திச் செய்தால் சுமார் 17 லட்சம் (1 லட்சத்தை அதன் இரண்டடிமான லாக், சுமார் 17-ஆல் பெருக்கியது), கண் சிமிட்டுவதற்குள் முடியும். ஆக, கேள்வியில் போட்டிருக்கும் எல்லையைப் படித்தாலே எந்த வழியில் போகலாம், எதில் போகக்கூடாது என்று தெரிந்துவிடுகிறது. பலர் அந்த வரியைப் படிப்பதே இல்லை.

நம் ஊர் வேலையை ப்ராஜெக்ட் ஆக்குங்கள்

ரெஸ்யூமேயில் பத்தில் எட்டுப் பேர் லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம் எழுதுகிறார்கள். இரண்டாவது கேள்வியிலேயே பேச்சு நின்றுவிடும், ஏனென்றால் அந்த நூலகம் அவர்கள் பார்க்காத நூலகம். நமக்குத் தெரிந்த இடத்தை எடுங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் அப்பாவோடு ராத்திரி காவல் படுத்தவர்கள் இதைப் படிப்பவர்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். டோக்கன், ஈரப்பதம் பார்ப்பது, 40 கிலோ மூட்டையாகப் பிடிப்பது, எடை, பணம் வங்கிக் கணக்குக்கு வருவது. இந்த வரிசையை உங்களைவிட யார் நன்றாகச் சொல்ல முடியும்?

அதை ஒரு சின்ன இணையச் செயலியாகக் கட்டுங்கள். விவசாயி, நிலம், டோக்கன், மூட்டை, பணம் என்று ஐந்து டேபிள். கட்டும்போதே உண்மையான கேள்விகள் எழும். ஒரே விவசாயிக்கு ஒரே நாளில் இரண்டு டோக்கன் போகாமல் எப்படித் தடுப்பது? விவசாயி எண்ணும் தேதியும் சேர்ந்து திரும்ப வரக்கூடாது என்று டேபிளிலேயே யுனிக் கட்டுப்பாடு போட வேண்டும், திரையில் மட்டும் தடுத்தால் போதாது. கடைசி டோக்கனை இரண்டு பேர் ஒரே நொடியில் அழுத்தினால்? அங்கே டிரான்சாக்ஷனும் (முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காத வேலைத் தொகுதி) லாக்கும் (ஒருவர் முடிக்கும்வரை மற்றவரை நிறுத்தும் பூட்டு) வருகின்றன. ஈரப்பதம் 17 சதவீதம் வரை என்பது வழக்கமான விதி. மழையில் நெல் நனைந்த வருடங்களில் மத்திய அரசு அதைத் தளர்த்தியும் இருக்கிறது. அப்படியானால் 17 என்ற எண்ணைக் கோடுக்குள் பதிக்கக்கூடாது, எந்தத் தேதியிலிருந்து எந்த அளவு என்று தனியாக வைக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தை விளக்கினாலே போதும், இவர் யோசித்துக் கட்டியிருக்கிறார் என்று கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல் கேள்விக்கும் இதிலேயே பயிற்சி எடுங்கள். எல்லா விவசாயிகளின் பெயரும், ஒவ்வொருவரும் போட்ட மூட்டை எண்ணிக்கையும் வேண்டும், ஒரு மூட்டைகூடப் போடாதவருக்குச் சுழியம் வர வேண்டும். லெஃப்ட் ஜாயின் (இடப்பக்க டேபிளின் எல்லா வரியையும் வைத்துக்கொண்டு இணைப்பது) என்று பெரும்பாலோர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். அப்புறம் கவுன்ட் உள்ளே நட்சத்திரக் குறி போட்டுவிடுவார்கள். மூட்டை போடாதவருக்கும் லெஃப்ட் ஜாயினில் ஒரு வரி வரும், மூட்டைப் பக்கம் வெறுமையாக. நட்சத்திரம் அந்த வரியையும் எண்ணி 1 என்று காட்டும். மூட்டை எண் என்ற நெடுவரிசையின் பெயரைப் போட்டு எண்ணினால்தான் வெறுமை விடுபட்டு 0 வரும். செய்து பார்த்தவர்களுக்கு மட்டும் இது மறக்காது.

சிஸ்டம் டிசைனுக்குக் கல்லணை

அனுபவம் உள்ளவர்களுக்குத்தான் இது முக்கியம் என்றாலும் புதியவர்களும் மேலோட்டமாகத் தெரிந்துகொள்ளலாம். லோட் பேலன்சர் என்றால் என்ன என்று ஒரு தங்கை கேட்டாள், மனப்பாடம் செய்திருந்தாள், பிடிபடவில்லை. கல்லணையைச் சொன்னேன். வரும் தண்ணீர் ஒன்று. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரித்துவிடுகிறார்கள். லோட் பேலன்சரும் அப்படித்தான், வரும் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்துவிடுகிறது. மேட்டூரில் தண்ணீர் குறைந்த வருடம் முறைப்பாசனம் வைக்கிறார்கள், இத்தனை நாள் இந்த ஆற்றுக்கு, அடுத்த சில நாள் அந்த ஆற்றுக்கு. அதுதான் ரவுண்ட் ராபின். அதிகப் பரப்பு உள்ள பக்கத்துக்கு அதிக நாள் கொடுத்தால் அது எடை வைத்த ரவுண்ட் ராபின். வாய்க்கால் வெட்டியும் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரவே இல்லை என்றால் அதற்கு ஸ்டார்வேஷன் என்று பெயர், ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்திலும் இதே சொல்தான் வரும். அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது.

ஓர் எச்சரிக்கை. உவமை புரிந்துகொள்ள மட்டும்தான். ஒரே தண்ணீரை இரண்டு வயலுக்குப் பாய்ச்ச முடியாது, ஆனால் ஒரே தகவலை நான்கு சர்வரில் நகல் வைக்கலாம். நகல் வைத்ததும் எது புதியது, எது பழையது என்ற சிக்கல் தொடங்குகிறது. ரெப்ளிகேஷன் (நகல் வைப்பது), கேஷ் (அடிக்கடி கேட்பதைக் கிட்டத்தில் வைப்பது) எல்லாம் அந்தச் சிக்கலைச் சுற்றித்தான். அங்கே கல்லணை உதவாது, சரியான பெயர்களோடு படிக்கத்தான் வேண்டும்.

ரெஸ்யூமேயும் ஆங்கிலமும்

ரெஸ்யூமே ஒரு பக்கம். ஒவ்வொரு வரிக்கும் அடுத்தடுத்து மூன்று கேள்வி கேட்டால் பதில் இருக்குமா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஒரு நாள் பட்டறையில் கேட்ட மெஷின் லேர்னிங்கை எழுதி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

ஆங்கிலம் பற்றிய பயம் நம் பிள்ளைகளுக்கு அதிகம், அது எனக்கும் இருந்தது. இலக்கணச் சுத்தத்தை யாரும் எடை போடுவதில்லை. நீங்கள் சொல்வது புரிய வேண்டும், அவ்வளவுதான். முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள், கணக்கு தமிழிலேயே தெளிவாக வராவிட்டால் குறை ஆங்கிலத்தில் இல்லை. பிறகு அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் சொல்லி, செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் நாள் கேட்கச் சங்கடமாக இருக்கும். பத்தாவது நாள் எங்கே இழுக்கிறோம், எங்கே விழுங்குகிறோம் என்று உங்களுக்கே தெரியும். யோசிக்க ஒரு நிமிடம் வேண்டும் என்று கேட்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, எனக்குத் தெரிந்ததை வைத்து இப்படி யூகிக்கிறேன் என்று தொடருங்கள்.

மாதிரி இன்டர்வியூவுக்கு இரண்டு நண்பர்கள் போதும். ஒருவர் கேட்பார், ஒருவர் போடுவார், மூன்றாமவர் வாயே திறக்காமல் குறிப்பெடுப்பார். நாற்பத்தைந்து நிமிடம், கடிகாரம் வைத்து. பத்தாவது வாரத்தில் ஒவ்வொருவருக்கும் நான்கு முறையாவது வரட்டும்.

அன்றைய நாள்

வீட்டிலிருந்து ஆன்லைனில் என்றால் முதலில் கரண்ட். கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் எங்கள் பக்கத்து ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் நிச்சயம் சொல்ல முடியாது. லேப்டாப்பில் முழுச் சார்ஜ், வேறு நிறுவன சிம் உள்ள இரண்டாவது செல்போன், மாடியில் எந்த மூலையில் சிக்னல் நிற்கிறது என்று முந்தின நாளே அதே நேரத்தில் சோதனை. தெருவில் கோயில் விழாவோ காதுகுத்தோ இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், குழாய் ரேடியோ கட்டினால் ஒன்றும் கேட்காது. அப்படி இருந்தால் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. நடுவில் இணைப்பு அறுந்தால் பதறாமல் உடனே மெயில் போடுங்கள், திரும்பச் சேரலாமா என்று கேளுங்கள். நான் கேள்வி கேட்ட எத்தனையோ பேருக்கு அறுந்திருக்கிறது, அதற்காக யாரையும் ஒதுக்கியதில்லை.

திரையில் வேறு ஜன்னலைத் திறந்து விடையைத் தேடுவது, ஏ.ஐ-யிடம் கேட்பது இரண்டும் வேண்டாம். கண் எங்கே போகிறது என்று தெரிகிறது. அதைவிட, தானாக வராத வாக்கியத்துக்கு அடுத்த கேள்வி கேட்டால் முதல் வார்த்தையே வராது.

சென்னையில் நேரில் என்றால் உழவன் எக்ஸ்பிரஸிலோ மன்னை எக்ஸ்பிரஸிலோ ராத்திரி ஏறி, காலையில் இறங்கி, ஸ்டேஷனிலேயே முகம் கழுவிக்கொண்டு போகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நானும் போயிருக்கிறேன். தூக்கமில்லாத மூளையோடு ட்ரீ கணக்கு போட முடியாது. ஒரு நாள் முன்னதாகப் போய்த் தங்குங்கள். செலவைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையாக இருந்தாலும் போதும், படுத்துத் தூங்க வேண்டும்.

எச்.ஆர் சுற்றில் சம்பளம், எந்த ஊரில் வேலை, எத்தனை வருட ஒப்பந்தம் என்று நேராகக் கேளுங்கள். தஞ்சாவூரிலேயே 2024-ல் டைடல் நியோ பூங்கா திறந்திருக்கிறார்கள், ஊரோடு இருக்க விரும்புபவர்கள் அங்குள்ள நிறுவனங்களையும் பாருங்கள். வேலைக்கு முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். அசல் சான்றிதழ்களைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக்கூடாது. என் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் ஓர் ஏஜென்சியில் நாற்பதாயிரம் கட்டி, சித்தப்பா நகையை அடகு வைத்த பணம் அது, இன்றுவரை திரும்பவில்லை.

முடிந்த பிறகு

வெளியே வந்ததும் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, ஒரு டீக்கடையில் உட்கார்ந்து கேட்ட எல்லாக் கேள்வியையும் நோட்டில் எழுதுங்கள். ராத்திரி ஆனால் பாதி மறந்துவிடும். தடுமாறிய கணக்கை அன்றைக்கே, அதிகம் போனால் மறுநாள் காலையில், முழுவதும் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஒரு வாரம் பதில் வராவிட்டால் இரண்டு வரியில் மரியாதையாக ஒரு மெயில் அனுப்பலாம். தேர்வாகவில்லை என்று வந்தால் எந்த இடத்தில் குறை என்று கேளுங்கள், பல இடங்களில் சொல்ல மாட்டார்கள், சில இடங்களில் சொல்வார்கள். மூட்டைக் கணக்கு போட்ட அந்தத் தம்பிக்கு முதல் இரண்டு இடத்தில் கிடைக்கவில்லை. இரண்டாவது இடத்தில் ஒருவர் மட்டும் போனிலேயே சொன்னாராம், ட்ரீயில் கிளை முடிந்த இடத்தில் வரும் வெறும் கணுவை மறந்துவிட்டீர்கள் என்று. நோட்டில் அந்தக் கணக்கின் பக்கத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறான், மூன்றாவது இன்டர்வியூ வருகிற செவ்வாய்க்கிழமை.